பள்ளிக் கூட்டத்தில் டீச்சர் பேசலாமா?

கேள்வி: தமிழ் மீடியம் அரசு எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலு வகுப்பில் 74 பிள்ளைகள். நாங்கள் இரண்டே பேர். இதைப் பள்ளி நிர்வாகக் குழுவில் சொல்லப்போகிறேன் என்றதும், 'நடத்தை விதியில் மாட்டிக்கொள்வாய்' என்று பயமுறுத்துகிறார்கள்.
- ஓர் ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாகப் பேசலாம் டீச்சர். 1960-ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுப்பது, அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் பொதுவில் விமர்சிப்பதை. 'சர்க்காருக்குத் தமிழ்ப் பிள்ளைகள் என்றால் இளக்காரம்' என்று மைக்கில் சொன்னால் வம்புதான், அது நிஜமாகவே இருந்தாலும். '74 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 61 முதல் 90 வரை மூன்று பேர் வேண்டும்' என்பது வெறும் கணக்கு.

போவதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பணியிடம் அனுமதியாகி ஆளில்லாமல் கிடக்கிறதா, பணியிடமே இல்லையா? ஆளில்லை என்றால் தினக்கூலிக்கு ஒருவரை எடுக்கச் சொல்லலாம். பணியிடமே இல்லை என்றால், ஜூனில் ஆறாம் வேலை நாள் தலைக்கணக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை பணியிடம் என்ற நிர்ணயம் அதை வைத்துத்தான். இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் கோரிக்கைகள் 'பரிசீலிக்கப்படும்' என்று திரும்பி வருகின்றன.

ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அஜண்டாவில் ஏற்றுங்கள். கடைசியில் 'மற்றவை'யில் எழுந்தால் டீ வந்துவிடும், பேசியது மினிட்ஸில் ஏறாது. ஒரே தாளில் வாரப் பீரியட் அட்டவணை போட்டு, இரண்டு வகுப்பு ஒருவர் தலையில் விழும் கட்டங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பெற்றோருக்கு அது சட்டென்று புரியும். மூன்று நிமிடம் போதும். யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் இறக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அரை நிமிடத் துண்டில் உங்கள் கணக்கு இருக்காது, கோபம் மட்டும் இருக்கும்.

நம் பக்கத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் மினிட்ஸில்தான். பேச்சு தமிழில், எழுத்து மலையாளத்தில். 'அத்யாபகக் குறவு' (ஆசிரியர் பற்றாக்குறை) என்று எழுதிவிட்டால் அது பொதுவான புலம்பல். அனுமதியான பணியிடம் காலி என்றால் 'ஒழிவு' என்ற சொல் எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். (நம் காதுக்கு ஒழிந்துபோனது மாதிரிக் கேட்கும், அங்கே அதுதான் காலியிடம்.) வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்து.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். தீர்மானத்தை ஓர் அம்மா கொண்டுவரட்டும். நீங்கள் விவரம் சொல்லுங்கள். நகல் ஏ.இ.ஓ.வுக்கும் (உதவிக் கல்வி அலுவலர்) பஞ்சாயத்துக்கும் போகட்டும். மனு தமிழிலேயே இருக்கலாம்: அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்ல உரிமை தருகிறது. ஆனாலும் பின்னால் ஒரு மலையாளப் பிரதியைக் குத்திவிடுங்கள், ஃபைல் சீக்கிரம் நகரும்.

கேள்வி: இதையே கிராம சபையில் பேசலாமா?
- அதே ஆசிரியை

பதில்: கேரளத்தில் கிராம சபை வார்டுவாரியாகக் கூடும், அந்த வார்டு வாக்காளர்தான் உறுப்பினர். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறீர்கள் என்றால் உங்களுக்கு அங்கே இடமில்லை. பெற்றோர் பேசட்டும்.

கேள்வி: வாக்காளர் பட்டியல் வேலைக்கு வகுப்பு நேரத்திலேயே அனுப்புகிறார்கள். குழுவில் கேட்கலாமா?
- ஓர் ஆசிரியர், தேவிகுளம்

பதில்: கேளுங்கள். ஆனால் 'செய்யமாட்டேன்' என்று ஆரம்பிக்காதீர்கள் சார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்ப கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே சமயம், பட்டியல் திருத்தத்துக்கு ஆசிரியரை விடுமுறையிலும் வகுப்பில்லாத நாளிலும்தான் அனுப்ப வேண்டும் என்று 2007-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியில், எந்த வகுப்புக்கு, எத்தனை பீரியட் போயிற்று என்று நோட்டில் குறித்துக்கொண்டு போய் உட்காருங்கள்.