பிடித்துக்கொண்டுபோன தெருநாயை ஏன் திரும்ப விடுகிறார்கள்? – ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

நாய், பூனை பற்றி அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கடி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் அவசரம்.

கேள்வி (மதுரை): எங்கள் வீட்டு மூன்று மாதக் குட்டி விளையாடும்போது மகளைக் கடித்துவிட்டது. லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு இன்னும் ஊசி போடவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். வீட்டு நாய்தானே டாக்டர், மகளுக்கு ஊசி தேவையா?

தேவை. இன்றைக்கே போடுங்கள். மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. பிறகு நேராக அரசு மருத்துவமனை. அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி, உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும். அதை நீங்களே கேளுங்கள்.

"பத்து நாள் நாயைக் கவனித்துப் பார்" என்று யாராவது சொல்வார்கள். கவனியுங்கள், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து; நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில்கூட ஒரு காலத்தில் தயாரித்தார்கள். இப்போது அது கிடையாது. கறி, மீன் சாப்பிடக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்ற பத்தியமும் வேண்டாம்.

குட்டிக்கும் மூன்று மாதம் ஆகிவிட்டதால் ரேபிஸ் ஊசியை எப்போது போடலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கடித்த விஷயத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மாநகராட்சி வண்டி வந்து தெருநாய்களைப் பிடித்துப்போகிறது. சில நாளில் அதே நாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். எதற்கு இந்த வீண் வேலை?

நிறைய பேர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதி. காது ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஆபரேஷன் முடிந்தது என்று அர்த்தம். திரும்ப விடும் இந்த விதி வெறிபிடித்த நாய்க்குப் பொருந்தாது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஏன் திரும்ப விட வேண்டும்? உங்கள் தெருவில் குப்பையும் மீந்த சோறும் இருக்கும்வரை அந்த இடம் காலியாக இருக்காது. இருக்கும் நாயை அகற்றினால் பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத, ஆபரேஷன் ஆகாத நாய் வரும். அப்புறம் அது குட்டி போடும். சென்னை மாநகராட்சி பல காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுதான் பார்த்தது. எண்ணிக்கை குறையவில்லை. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே கருத்தடையைத் தொடங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்.

குறை எங்கே என்றால், பாதியில் நிறுத்துவதில். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி போட்டால்தான் ரேபிஸ் பரவுவது நிற்கும். பத்து நாயில் மூன்றைப் பிடித்துவிட்டு வண்டி போய்விட்டால் பலன் இல்லை. புகார் செய்யும்போது "நாயைத் தூக்குங்கள்" என்று சொல்லாமல், காது வெட்டில்லாத நாய்கள் எத்தனை, எந்த நேரத்தில் எங்கே படுக்கின்றன என்று எழுதிக் கொடுங்கள். பிடிப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

கேள்வி (கோவை): பெண் நாய் ஒரு தடவையாவது குட்டி போட வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏறும்போது கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் மடியில் கட்டி வருவதும் அதிகம். குட்டிகளை யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். ராத்திரியில் மார்க்கெட் ஓரம் விட்டுவிட்டு வரும் அட்டைப்பெட்டிகள் பெரும்பாலும் வீடுகளிலிருந்து வருபவைதான். தெருநாய் தொல்லை என்று புகார் சொல்பவர் வீட்டு ஆண் நாயே சாயந்திரம் அவிழ்த்துவிடப்பட்டுத் தெருவைச் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): மகன் ஹஸ்கி கேட்கிறான். வாங்கலாமா?

திருச்சி வெயிலில் ஹஸ்கியா? சைபீரியக் குளிருக்கு வளர்ந்த இரட்டை ரோமம் அது. விட்டுவிடுங்கள். நம் நாட்டு வேட்டை நாய்களான சிப்பிப்பாறை, கன்னி வாங்கலாம் என்பீர்கள்; அவை ஓடுவதற்கென்றே பிறந்தவை, மாடி வீட்டில் கட்டிப்போட்டால் பாவம். ராஜபாளையம் என்றால் வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை உண்டு. பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால், தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கச் சொல்வேன்.

கேள்வி (அண்ணா நகர்): அபார்ட்மெண்ட் நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அசோசியேஷன் தடுக்கிறது. யார் பக்கம் நியாயம்?

சட்டப்படி அவர்கள் முழுதாகத் தடுக்க முடியாது. சோறு வைக்க ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்கிறது 2023 விதி. ஆனால் அம்மா, அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் பக்கம் இருக்கக் கூடாது என்றும் அதே விதிதான் சொல்கிறது. மீதியைக் கூட்டி எடுங்கள். உங்கள் கையில் சாப்பிடும் நாயை நீங்கள்தான் எளிதில் பிடிக்க முடியும், ஆகவே ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அசோசியேஷனின் வாய் பாதி அடங்கிவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): பூனைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பூனைக்கு அது விஷம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி (சேலம்): எங்கள் தெரு நாய்களுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். என்ன செய்ய?

உடலைப் புதைத்துவிடாதீர்கள். போட்டோ எடுத்து, மீந்த உணவைக் கையுறை போட்டு எடுத்துவைத்து, போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்காது.