பழைய ஏடிவி பந்தய டிஸ்க் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: ‘நானும் என் தம்பியும் சிறுவயதில் பிளேஸ்டேஷன் 2-இல், ஏடிவி எனப்படும் கரடுமுரடான தடங்களுக்கான நான்கு சக்கர வண்டிகளின் பந்தய ஆட்டமான ஏடிவி ஆஃப்ரோடு ஃப்யூரி 4 விளையாடியவர்கள். இப்போது வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. அந்த ஆட்டத்தின் பழைய டிஸ்க்கை விற்க ஒருவர் முன்வந்திருக்கிறார். கன்சோலின் மென்பொருளைப் புதுப்பித்தால் டிஸ்க் ஓடிவிடும் என்றும், ஓடாவிட்டால் நான்கு சக்கர வண்டிப் பந்தய ஆட்டங்கள் உள்ள பிளேஸ்டேஷன் கணக்கு ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். ஒரே தொலைக்காட்சியில் இருவரும் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதே எங்கள் ஆசை. வாங்கலாமா?’

வாங்க வேண்டாம், டிஸ்க்கையும் வேண்டாம், கணக்கையும் வேண்டாம். பிளேஸ்டேஷன் 2-க்கான டிஸ்க்கை எந்தப் பிளேஸ்டேஷன் 4-இலும் விளையாட முடியாது. அதை மாற்றக்கூடிய மென்பொருள் புதுப்பிப்பு எதையும் சோனி வெளியிட்டதில்லை. பழைய ஆட்டங்கள் சில பிளேஸ்டேஷன் 4-க்காகத் தனியே பதிவிறக்கமாக விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் அவற்றைப் புதிதாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கையில் இருக்கும் டிஸ்க்குக்கும் அந்த விற்பனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த உண்மையையும் பொய்யையும் கலந்து சொல்வதுதான் இத்தகைய விற்பனையாளர்களின் வழக்கம்.

டிஸ்க்கை விடவும் ஆபத்தானது அவர் சொல்லும் கணக்கு. பிளேஸ்டேஷன் 4-இல் ஒரு கணக்கை ஒரு கன்சோலில் முதன்மையாகப் பதிவு செய்தால், அந்தக் கணக்கில் வாங்கிய ஆட்டங்களை அந்தக் கன்சோலைப் பயன்படுத்தும் யாரும் விளையாடலாம். ஒரு குடும்பத்தின் வசதிக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. இடைத்தரகர்கள் இதையே வியாபாரமாக்கி, வாடகை வீட்டின் சாவியை நகலெடுத்துப் பலருக்கும் விற்பதுபோல ஒரே கணக்கைப் பலருக்கு விற்கிறார்கள். ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு கன்சோல் மட்டுமே முதன்மையாக இருக்க முடியும் என்பதால், அடுத்தவருக்கு விற்றவுடன் உங்கள் திரையில் அந்த ஆட்டத்தின் மீது பூட்டுச் சின்னம் வந்து நிற்கும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த விவரங்கள் விற்றவரிடம் இருக்கின்றன, அவற்றைக் காட்டி அவர் அதை மீட்டுக்கொள்ளலாம். நீங்கள் புகார் செய்யவும் வழியில்லை, ஏனெனில் கணக்கை விற்பதையும் கைமாற்றுவதையும் சோனியின் விதிமுறைகள் தடை செய்கின்றன. ‘கடவுச்சொல்லை மாற்றாதீர்கள்’, ‘இணையத்தில் இணைக்காதீர்கள்’ என்று ஒரு விற்பனையாளர் நிபந்தனை விதித்தால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாபாரம் தழைப்பதற்கு நிறுவனங்களும் காரணம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006-இல் சோனியே வெளியிட்ட ஓர் ஆட்டத்தை, காசு கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவர் தம்மிடம் உள்ள கன்சோலுக்கு நேர்மையான வழியில் வாங்க இயலவில்லை. அதிகாரபூர்வக் கடையில் வாங்கும் ஆட்டங்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற 14 நாள் அவகாசம் இருந்தாலும், பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. பதிவிறக்கிப் பார்க்காமல் ஆட்டம் நமக்கு ஏற்றதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை. அலைந்து சலித்த வாசகர் கடைசியில் தரகரிடம் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பழைய ஆட்டமேதான் வேண்டும் என்றால், ஓடுகிற பிளேஸ்டேஷன் 2 ஒன்றைத் தேடுவதே நேர்வழி. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பெயரால் நடக்கும் ஏமாற்று அதிகம். பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்கக்கால மாடல்கள் சில பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளை ஏற்கும். 2006 நவம்பரில் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வெளிவந்த 20 ஜிபி, 60 ஜிபி மாடல்களில் பிளேஸ்டேஷன் 2-இன் சில்லுகளே உள்ளே வைக்கப்பட்டிருந்தன. 2007-இல் ஐரோப்பாவுக்கு வந்த 60 ஜிபி மாடலிலும், வட அமெரிக்காவுக்கு வந்த முதல் 80 ஜிபி மாடலிலும் அந்த வேலையில் ஒரு பகுதியை மென்பொருளிடம் ஒப்படைத்ததால், சில ஆட்டங்கள் நன்றாக ஓடும், சில தடுமாறும், சில ஓடவே மாட்டா. அதே 2007-இன் பிற்பகுதியில் வந்த 40 ஜிபி மாடலிலிருந்து இந்த வசதியே நீக்கப்பட்டது. பின்னால் வந்த மெலிந்த மாடல்கள் எதிலும் அது கிடையாது. இந்த ஜிபி எண் குறிக்கும் ஹார்டு டிஸ்க்கின் (கன்சோலுக்குள் இருக்கும் சேமிப்பகத்தின்) கொள்ளளவை மட்டும் நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், பிற்காலத்து 80 ஜிபி மாடல் ஒன்றிலும் இந்த வசதி இல்லை. முன்பக்கத்தில் நான்கு யூஎஸ்பி துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டே இருந்தால் அது உங்களுக்கு உதவாது. நான்கு இருந்தாலும், டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கு உரியதோ கன்சோலும் அதே பகுதிக்கு உரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் திறக்காது. இவை எல்லாம் பொருந்தினாலும் இந்த மாடல்கள் சூடாகிப் பழுதாவதற்குப் பெயர் போனவை. பழுதான மின்சுற்றுப் பலகையைச் சூடாக்கித் தற்காலிகமாக உயிர்ப்பித்து விற்பவர்கள் உண்டு என்பதால், உங்கள் கண்முன்னே ஒரு மணி நேரமாவது ஆட்டத்தை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் உண்மையான தேவை ஒரே திரையில் இருவர் ஏடிவி ஓட்டுவது என்பதால், பிளேஸ்டேஷன் 4-க்கு 2018-இல் வெளிவந்த எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ஆல் அவுட் ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். முதல் இரண்டு ஆஃப்ரோடு ஃப்யூரி ஆட்டங்களை உருவாக்கிய ரெயின்போ ஸ்டூடியோஸ்தான் இதையும் உருவாக்கியது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதி இதில் இருக்கிறது. அதற்கு இணையச் சந்தா தேவையில்லை, இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றும், அதற்குக் கன்சோலில் ஒரு பயனர் பெயரும் போதும். பிளேஸ்டேஷன் 3 காலத்து ப்யூர் என்ற ஆட்டத்தைப் பலர் உங்களுக்குச் சொல்வார்கள். அது 2008-இல் வந்த அருமையான ஏடிவி பந்தயம்தான். ஆனால் அதில் திரையைப் பிரித்து விளையாட முடியாது, அதை உங்கள் கன்சோல் ஏற்கவும் செய்யாது.

ஆல் அவுட்டின் பழைய டிஸ்க்கை வாங்கலாம், பிளேஸ்டேஷன் 4 ஆட்ட டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ‘கூடுதல் வண்டிகளும் தடங்களும் சேர்ந்தது’ என்று சொல்லிப் பழைய டிஸ்க்குக்கு அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கூடுதல்களைத் திறக்கப் பெட்டிக்குள் வரும் குறியீட்டை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், அதை முதலில் வாங்கியவர் பயன்படுத்தியிருப்பார். கூடுதல் தடங்களை நீங்களே தனியாக வாங்குவதானால், டிஸ்க் எந்தப் பகுதிக்கு உரியதோ அதே பகுதியின் கடையில் உங்கள் கணக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பகுதி மாறினால் வாங்கிய தடம் ஆட்டத்தில் தோன்றாது.

முதல் நாள் ஆட்டம் கைக்கு அடங்கவில்லை என்று உங்கள் தம்பி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். 2009-இல் வந்த எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ரிஃப்ளெக்ஸ் முதல் இந்த வரிசை ஆட்டங்களில் கன்ட்ரோலரின் இடது குச்சி வண்டியைத் திருப்புகிறது, வலது குச்சி ஓட்டுநரின் உடல் எடையைச் சாய்க்கிறது. வளைவில் இரண்டையும் சேர்த்து உள்பக்கமாகத் தள்ளினால்தான் வண்டி தடத்தை விட்டு விலகாது. பழைய ஆட்டத்தின் நினைவில் இடது குச்சியை மட்டும் நம்பி ஓட்டினால் முதல் வளைவிலேயே வெளியே போய் விழ நேரும்.