ஸ்டொக்கிங்ஸில் கோடு ஓடினால் திருத்த முடியுமா? ஓடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஹொட்டேல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று ஜோடி ஸ்டொக்கிங்ஸ் கோடு ஓடிப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நுவரெலியாவில் ஒரு ஹொட்டேல் ரிசெப்ஷனில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன், யூனிஃபோமே ஸ்கர்ட்டும் ஸ்டொக்கிங்ஸும்தான், அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. சம்பளத்தில் ஒரு பங்கு இதற்கே போகிற மாதிரி இருக்கும்.

முதலில் அவசரத்துக்கு. கோடு தெரிந்த உடனே நிறமில்லாத கியூட்டெக்ஸை அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் தொட்டு வையுங்கள். ஓட்டையைச் சுற்றி மட்டும் பூசிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஆனால் கோடு வளர்வது முனைகளில்தான். இந்தத் துணி சேலை மாதிரி நெய்தது இல்லை, ஸ்வெட்டர் மாதிரி பின்னியது. ஒரு கண்ணியை அடுத்த கண்ணி பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்று அறுந்தால் அந்த வரிசையில் உள்ளதெல்லாம் வரிசையாகக் கழன்றுகொண்டே போகும். காலில் போட்டபடியே பூசினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றும்போது இன்னும் கிழியும், அதனால் காயும் வரை உள்ளே ஒரு துண்டுக் கடதாசி வைத்துக்கொள்ளுங்கள். கியூட்டெக்ஸ் இல்லாவிட்டால் சவர்க்காரக் கட்டியை லேசாக நனைத்து முனைகளில் தேய்த்தால் கொஞ்ச நேரம் நிற்கும். மழையில் நனைந்தால் அதுவும் போய்விடும்.

முழுதாகத் திருத்துவது துணியின் தடிப்பைப் பொறுத்தது. பெட்டியில் டெனியர் என்று ஓர் எண் போட்டிருக்கும், அது 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது. 15 டெனியர் என்றால் அவ்வளவு நீள நூலும் 15 கிராம்தான், அதில் ஊசி வேலை செய்து மறைக்கப் பார்ப்பது கண்ணுக்குத்தான் கேடு. 40, 60 என்றால் முடியும். நைலோன் ஸ்டொக்கிங்ஸ் 1940இல் அமெரிக்காவில் கடைக்கு வந்து இரண்டு வருஷத்துக்குள்ளேயே இரண்டாம் உலகப் போருக்காக நைலோன் எல்லாம் பாராசூட் செய்யப் போய்விட்டது, அப்போது பெண்கள் இருந்த ஜோடியையே திரும்பத் திரும்பத் திருத்திப் போட்டார்கள். அந்த வேலைக்கென்றே சின்னக் கொக்கி ஊசி இருந்தது. நமக்கு 0.6 மில்லிமீட்டர் குரோஷே ஊசி போதும். ஸ்டொக்கிங்ஸுக்குள் ஒரு கண்ணாடி கிளாஸை விட்டுத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கோட்டின் அடியில் திறந்து நிற்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு, அதற்கு மேலே ஏணிப்படி மாதிரிக் குறுக்கே கிடக்கும் இழையைப் பிடித்துக் கண்ணிக்குள்ளால் இழுங்கள். அது புதுக் கண்ணியாகிவிடும். இப்படியே மேலே ஏறிப் போய்க் கடைசிக் கண்ணியை அதே நிற நூலால் பக்கத்துத் துணியோடு முடிந்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

ஆனால் ஓடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. எனக்கு அது புரிந்தது அம்மாவால். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், விரல் நுனியெல்லாம் கறை ஏறி வெடித்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் இரவு என் ஸ்டொக்கிங்ஸை ஆசையாகத் தடவி மடித்து வைப்பார். காலையில் எடுத்தால் எங்காவது ஓர் இழை இழுபட்டிருக்கும். தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை, ஒரு மாதம் கழித்து அவரே கவனித்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் பழைய பருத்தி சொக்ஸ் ஒரு ஜோடியைக் கையில் மாட்டிக்கொண்டு மடிக்கத் தொடங்கினார், இன்றைக்கும் அப்படித்தான். நானும் அதே மாதிரி சொக்ஸைக் கையில் போட்டுக்கொண்டுதான் உடுத்துகிறேன். உட்கார்ந்து, முழுவதையும் கால்விரல் வரை சுருட்டிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட வேண்டும். மோதிரம் கழற்றி வையுங்கள், கால் நகத்தையும் அராவி வையுங்கள். இரவில் கைக்குக் கிரீம் பூசினால் வெடிப்பும் ஆறும்.

காயப்போடும் இடம் அடுத்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாங்கள் எல்லா உடுப்பையும் கம்பி வேலியிலோ தேயிலைச் செடி மேலோ விரிப்போம், ஸ்டொக்கிங்ஸுக்கு இரண்டுமே ஆகாது. மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே தொங்கவிடவும் வேண்டாம், ஒரு பொறி பட்டால் நைலோன் உருகி ஓட்டையாகிவிடும். நனைந்த நைலோனுக்குப் பலமும் குறைவு, அதனால் கையால் மெதுவாகக் கசக்குங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம், துவாயில் சுருட்டி அழுத்தி நிழலில் போடுங்கள். பிரிட்ஜில் உறைய வைத்தால் உறுதியாகும் என்று சொன்னார்கள், செய்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வாங்கும்போது ஓர் அளவு பெரிதாக எடுங்கள், இறுகினால் சீக்கிரம் விட்டுவிடும். ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி வாங்குங்கள். இடுப்போடு வரும் மாதிரியில் ஒன்றில் இடது கால் போய், மற்றதில் வலது கால் போனால், பழுதான கால்களை வெட்டிவிட்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம், வெளியே தெரியாது. நம் குளிருக்கு இடுப்பில் இரண்டு மடிப்பு நல்லதும்கூட. வெட்டிய காலை எறிய வேண்டாம், போஞ்சிக் கொடியைக் கம்பில் கட்ட அதைவிட மெதுவான கயிறு கிடைக்காது.