ஐந்தாம் படிவ உயிரியல்: செடி சோதனைகள் ஏன் சரியாக வருவதில்லை, வீட்டில் செய்ய முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: மகள் ஐந்தாம் படிவம். செடி வெளிச்சத்தை நோக்கி வளைவது, தண்டில் தண்ணீர் ஏறுவது என்று எந்தச் சோதனையும் பள்ளியில் சரியாக வரவில்லை. விடையை மனப்பாடம் செய்தால் போதுமா, வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா?

வழி உண்டு. செலவும் பத்து ரிங்கிட்டைத் தாண்டாது. நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், சாயங்காலம் வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவரை எதற்கு இழுக்கிறேன் என்று கீழே புரியும்.

முதலில் தண்ணீர். நான் ஐந்தாம் படிவம் படித்தபோது, கிளை எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது என்று அளக்கும் பொட்டோமீட்டர் சோதனை செய்தோம். கண்ணாடிக் குழாயில் ஒரு காற்றுக் குமிழி, மேலே ஒரு செம்பருத்திக் கிளை. இலை தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் குமிழி நகர வேண்டும். எங்கள் குமிழி ஒரு மணி நேரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. கடைசியில் போன வருட மாணவர்களின் எண்களைக் கொடுத்தார்கள், நாங்களும் எழுதிவிட்டோம். சோதனை எங்கே கெட்டது என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது தெரியும். பள்ளி வேலியோரம் கிளையை ஒடித்து, கையில் ஆட்டிக்கொண்டே லேபுக்கு நடந்தோம். அங்கேயே சோதனை முடிந்துவிட்டது. தண்டுக்குள் இருக்கும் தண்ணீரை வேர் மட்டும் கீழிருந்து தள்ளிவிடுவதில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும்போது, பின்னால் இருக்கும் நீர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே இழுபடுகிறது. 1894இல் டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம் இது. வெறும் காற்றழுத்தத்தை நம்பினால் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. ஆனால் சபாவில் டானும் பள்ளத்தாக்கில் 2019இல் அளந்த ஒரு மெராந்தி மரம் 100.8 மீட்டர், அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது. கிணற்றுக் கயிறு மாதிரிதான், நடுவில் அறுந்தால் வாளி வராது. ஒடித்த இடத்தில் காற்று புகுந்தால் அந்தக் குழாயில் நீர்க்கயிறு அறுந்துவிடும்.

அதனால் வாளித் தண்ணீருக்குள் தண்டை அமுக்கிப் பிடித்து, நல்ல கத்தியால் சாய்வாக மறுபடியும் இரண்டு அங்குலம் வெட்டச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே குழாயில் செருக வேண்டும். இணைப்பில் வேசலின் தடவ வேண்டும், இலையில் அது பட்டுவிடக் கூடாது. அப்புறம் வானம். மதியம் மூன்று மணிக்கு இடி முழங்கி, காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது எந்த இலை தண்ணீரை விடும்? நம் ஊரில் காலை பத்து மணிக்கு, காற்றாடிக்கு முன்னால் வைத்துச் செய்தால்தான் குமிழி நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

பொட்டோமீட்டர் இல்லையென்றால் ஒல்லியான மூன்று போத்தல், ஒரே அளவுக் கிளைகள் மூன்று. தண்ணீருக்கு மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றினால் போத்தலிலிருந்து நீர் தானாக ஆவியாகாது. ஒன்று காற்றாடி முன், ஒன்று அறை மூலையில், மூன்றாவதில் இலை எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். மார்க்கரால் கோடு போட்டுவிட்டு ராத்திரி பாருங்கள்.

சாயச் சோதனைக்குக் காசித்தும்பை நல்லது. தண்டு பாதி கண்ணாடி போல இருப்பதால் சிவப்பு ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். கேக் கடையில் விற்கும் சிவப்புச் சாயம் போதும். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் சாயம் கிடைக்கவில்லை என்று ரோஸ் சிராப்பை ஊற்றிவிட்டான். மறுநாள் செடி தலை தொங்கிவிட்டது. அவ்வளவு சர்க்கரை இலை வரை ஏறினால் செல்களில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். திட்டவில்லை. சவ்வூடுபரவலுக்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இதே சோதனையைச் செம்பருத்திக் கிளையிலும் செய்தேன். அம்மா கிளையை வாங்கி, பழக்கதோஷத்தில் கட்டை விரல் நகத்தால் பட்டையைக் கீறினார். "பட்டையில சிவப்பே இல்லியே, கட்டையிலதான் இருக்கு. அப்ப பால் ஓடுற எடம் வேற, தண்ணி ஓடுற எடம் வேறயா?" என்றார். ஆமாம். மரம் குடிக்கும் தண்ணீர்தான் பாலாக வடிகிறது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பால் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. தண்ணீர் ஏறும் சைலம் அதற்கு உள்ளே, கட்டையில். இரண்டுக்கும் நடுவில், புதுப் பட்டையையும் கட்டையையும் உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் (கேம்பியம்). பால் வெட்டும் உளி அதைத் தொட்டால் மரத்துக்குக் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான பட்டையை விட்டு வெட்டச் சொல்வார்கள். பட்டையை வளையமாக உரித்த கிளை உடனே வாடாமல் ஏன் நிற்கிறது என்று தேர்வில் கேட்டால், விடை இதுதான்.

பால் மரம் வெட்டுபவர்கள் இருட்டில் தலைவிளக்கோடு வேலைக்குப் போவதற்கும் காரணம் இதே பாடத்தில் இருக்கிறது. ராத்திரி இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் முழுக்கத் தண்ணீர், பால் குழாய்களும் விம்மிக்கொண்டிருக்கும். வெட்டினால் பால் பிடிக்கும் மங்கு நிறையும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுக்கும், குழாயின் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அம்மாவுக்கு நீராவிப்போக்கு என்ற சொல் தெரியாது. ஆனால் பத்து மணிக்கு மேல் வெட்டுவது வீண் என்று தெரியும்.

இனி வளைவது. மைலோ டின்னின் பக்கவாட்டில் ஒரு துளை, உள்ளே ஈரப் பஞ்சில் முளைத்த பச்சைப்பயறு, மூடி. இரண்டு மூன்று நாளில் எல்லாம் துளைப் பக்கம் சாய்ந்து நிற்கும். "வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வளைகிறது" என்று எழுதக் கூடாது. நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் ஒதுங்குகிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன, அதனால் தண்டு மறுபக்கம் சாய்கிறது என்று எழுதினால்தான் மதிப்பெண்.

வெளிச்சத்தை உணர்வது நுனிதானா என்று பார்க்க, நுனிக்கு அலுமினியத் தாள் தொப்பி போடும் சோதனையைப் பயறில் செய்து பலர் ஏமாறுகிறார்கள். 1880இல் டார்வினும் மகன் பிரான்சிஸும் வெளியிட்ட தொப்பிச் சோதனை புல் முளையில் செய்தது. வீட்டில் நெல்லோ மக்காச்சோளமோ போடுங்கள், முதல் இலை உறையைக் கிழித்து வெளிவருவதற்குள் தொப்பி மாட்ட வேண்டும்.

துளையே போடாத டின்னில் முளை இன்னும் உயரமாக, வெளிறிப்போய் நிற்கும். அதைப் பார்த்து "இருட்டில் நன்றாக வளர்கிறது" என்று எழுதிவிடுவார்கள். அது விதையில் சேர்த்து வைத்திருக்கும் சாப்பாட்டைச் செலவழித்து வெளிச்சம் தேடும் ஓட்டம். தராசில் காய்ந்த எடை போட்டால் விஷயம் வெளிவந்துவிடும்.

வேர் கீழே வளைவதற்குக் கண்ணாடி கிளாஸ், டிஷ்யூ, நாலு பயறு போதும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் கிளாஸைப் படுக்க வைத்தால் மறுநாளே நுனி கீழே திரும்பியிருக்கும். டிஷ்யூ சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பயறு அழுகி நாறும், பிழிந்துவிட்டு வையுங்கள்.

இந்த வாரம் தொடங்குவதானால் பயறை வெள்ளி இரவே ஊறப்போடுங்கள், அது முளைத்து வளைய நாலைந்து நாள் ஆகும். கிளைச் சோதனையை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மழை வந்தால் போத்தல்களை எடுத்துவிடாமல் அப்படியே விட்டு, கோடு எவ்வளவு இறங்கியது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். வெயில் நாள் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அது தேவைப்படும்.