வாசகர் கேள்வி: ஆங்கிலச் சொல்லை எங்கே பிரிப்பது?

கேள்வி: என்னிடமுள்ள அமெரிக்க ஆங்கில அகராதியில் 'ரெக்கார்டு' என்ற சொல், பெயராக வருமிடத்தில் 'சி' எழுத்துக்குப் பின்னும், வினையாக வருமிடத்தில் அதற்கு முன்னும் புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் ஒன்றாகவே இருக்க, அசை மட்டும் எப்படி மாறும்?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: ஆங்கிலத்தில் அசையை முடிவு செய்வது ஒலி, எழுத்துக்கு அதில் பங்கு குறைவு. பெயர்ச்சொல்லில் முதல் அசை அழுத்தம் பெற்று, அதன் உயிர் குறுகி ஒலிக்கிறது. அழுத்தம் பெற்ற குற்றுயிர் அசையின் ஈற்றில் தனித்து நிற்பதை அம்மொழி ஏற்பதில்லை என்பதால், அது அடுத்துள்ள 'க்' ஒலியை இழுத்துக்கொண்டு 'ரெக்' என முடிகிறது. வினையில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விட, முதல் அசை 'ரி' என்று மெலிந்து, 'க்' பின்னதோடு சேர்ந்துவிடுகிறது. பரிசைக் குறிக்கும் 'பிரெசென்ட்', வழங்குதலைக் குறிக்கும் 'பிரிசென்ட்' ஆகியவற்றுக்கும் இதே காரணந்தான்.

சொல்லின் உறுப்புகளைப் பிரிப்பது வேறு வேலை. 'நடந்தான்' என்பதை அலகிட்டால் நடந்/தான் என்று புளிமா கிடைக்கும். பகுபத உறுப்புகளாகப் பிரித்தால் நட, த், த், ஆன் என்று நான்கு வரும், அவற்றுள் சந்தியான முதல் தகரம் நகரமாக விகாரப்பட்டது என்போம். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை.

ஆங்கிலமோ சில வேளைகளில் தானே குழப்பிக்கொள்கிறது. 'ஹெலிகாப்டர்' என்ற சொல், சுருளைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லும், இறகைக் குறிக்கும் 'ப்டெரோன்' என்ற சொல்லும் பிரெஞ்சு மொழியில் இணைந்து பிறந்தது. ஆகவே உறுப்புகளின் எல்லை 'ப்' ஒலிக்கு முன் விழ வேண்டும். ஆனால் 'ப்ட்' என்று ஓர் அசையைத் தொடங்க ஆங்கில நாவுக்கு வராது. அதனால் 'காப்' என்று நிறுத்தி, 'டர்' என்று தொடர்ந்தனர். பிறகு 'ஹெலி' என்பதே ஓர் உறுப்பு என்று எண்ணி வெட்டியெடுத்து, 'ஹெலிபேட்' என்றும் 'ஹெலிபோர்ட்' என்றும் புதுச் சொற்களை ஆக்கிக்கொண்டனர். பிழையான வெட்டுத்தான், ஆனால் அதை விட்டால் இன்று வேறு சொல் இல்லை.

வரியிறுதியில் சொல்லை முறிக்கும்போதும் இந்த இழுபறி தெரியும். 'நாலெட்ஜ்' என்பதைப் பிரிட்டிஷ் வழக்கம் 'எல்' எழுத்துக்கு முன் முறித்து 'அறி' என்னும் பொருளுடைய பகுதியைக் காப்பாற்றும். அமெரிக்க வழக்கம் ஒலியைப் பின்பற்றி 'எல்'லுக்குப் பின் முறிக்கும்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லிவைக்கலாம்: அமெரிக்க அகராதிகள் பலவற்றில் தலைச்சொல்லில் இடப்படும் புள்ளி, அச்சில் வரி முறியத்தக்க இடத்தையே காட்டுகிறது. 'அபவுட்' என்பதில் அசை இரண்டு. ஆயினும் வரியின் ஓரத்தில் ஓர் எழுத்தைத் தனியே விடக் கூடாது என்பதால், அங்கே புள்ளி இல்லாமல் இருக்கக்கூடும். அசையை எண்ண, பக்கத்திலுள்ள உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள்.