பாவமாம் அந்த ராஜா

கடிதம்:

சார் வணக்கம். யுபிஎஸ்சி மெயின்ஸுக்கு உலக வரலாறு படிச்சிட்டிருக்கேன். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எனக்கென்னவோ ஒட்டவே இல்ல. ஒரு பவுண்டு டீக்கு மூணு பென்னி வரி, அதுக்கா ஒரு யுத்தம்? எழுதினவரே அடிமைகளை வச்சிருந்தவர். இதுல ராஜா மேல 27 புகார் வேற. பாவம் சார் அந்த மூணாம் ஜார்ஜ், சட்டம் போட்டது பூரா பார்லிமென்ட், திட்டு வாங்கினது அவர், போதாக்குறைக்கு பைத்தியம்னு பேரு. வரி கட்ட மனசில்லாத பணக்காரங்க போட்ட நாடகம்தானே இது? நீங்க என்ன சொல்றீங்க?

– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்:

தம்பி,

நல்லா படிங்கன்னு ஒரு வரி போட்டு அனுப்பியிருப்பேன். ஆனா "பாவம் சார் அந்த ராஜா"ன்னு எழுதினீங்க பாருங்க, அது என்னை விடல. கொஞ்ச நாளா எனக்குள்ளயே ஓடிட்டிருக்கற விஷயம் அது. அதுக்கு முன்னாடி மத்ததை ஒதுக்கிடறேன்.

பைத்தியம்: அவருக்கு அந்த வியாதி பெருசா வந்தது 1788ல. பிரகடனம் 1776. வரப்போற வியாதிக்கு முன்தேதி போடாதீங்க.

வரி: மூணு பென்னி சின்னதுதான், யாரு இல்லன்னா? இன்னும் சொன்னா 1773 டீ சட்டத்தால அங்க டீ விலை குறையத்தான் வழி. கிழக்கிந்தியக் கம்பெனி கடன்ல முழுகிக் கிடந்துச்சு, லண்டன் குடோன்ல டீ தேங்கிப் போச்சு, அதைத் தள்ளிவிட அமெரிக்காவுக்கு நேரா அனுப்பிக்கோன்னு சலுகை குடுத்தாங்க. அந்த டீயைத்தான் பாஸ்டன்ல 342 பெட்டி கடல்ல கொட்டினாங்க. (கடத்தல் டீ வித்தவங்க வயித்தெரிச்சலும் அதுல கலந்திருக்கு, இல்லேன்னு சொல்லல.) விலை குறையற சாமானைக் கொட்டறான்னா சண்டை காசுக்கு மட்டும் இல்லன்னு உங்களுக்கு ஏன் தோணல? 27 புகார்ல வரி ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்கயோ நடுவுல வருது. முழுசா படிச்சீங்களா, இல்ல கோச்சிங் சென்டர் நோட்ஸ்தானா?

அடிமை விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா புதுசு இல்ல, 1775லயே சாமுவேல் ஜான்சன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர் லண்டன்ல உக்காந்து இதையே கேட்டாச்சு, கறுப்பு அடிமைகளை அதட்டி வேலை வாங்கறவங்க கிட்டேர்ந்துதான் சுதந்திரம் சுதந்திரம்னு பெரிய கூச்சலா வருதுன்னு. கேள்வி சரியான கேள்வி. கேட்டவரு வருஷம் 300 பவுண்டு அரசாங்கப் பென்ஷன் வாங்கிட்டிருந்தவர், அதையும் சேத்து எழுதிக்கங்க. பிரகடனத்தை எழுதின ஜெபர்சன் வாழ்நாள்ல 600 பேருக்கு மேல அடிமையா வச்சிருந்த மனுஷன், அவரே முதல் வரைவுல அடிமை வியாபாரத்துக்கும் ராஜாதான் காரணம்னு ஒரு பத்தி எழுதி வச்சாரு, தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கலன்னு காங்கிரஸ்ல (நம்ம கட்சி இல்ல, அந்தக் குடியேற்றங்களோட பிரதிநிதிங்க கூடின சபை) அடிச்சுட்டாங்க. அடிச்சதோட விட்டாங்களா? ராஜா எங்களுக்குள்ளயே கலகத்தைத் தூண்டி விடறார்னு கடைசிப் புகார்ல ஒரு வரி இருக்கு. அது என்னன்னா, வர்ஜீனியா கவர்னர் டன்மோர் 1775 நவம்பர்ல, கலகக்காரங்களோட அடிமைங்க எங்க பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு அறிவிச்சிருந்தார். அடிமைக்கு விடுதலை குடுக்கறதே இவங்களுக்கு ஒரு மனக்குறை! அதே வாக்கியத்துல பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டின்னு வேற ஏசி வச்சிருக்காங்க. அசிங்கம்தான். நான் அதை மழுப்பல. ஆனா அதோட புக்கை மூடிட்டா மத்ததைப் படிக்கற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

இப்ப ராஜாவுக்கு வரேன்.

எங்கப்பா தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவரு. கடலூர்ப் பக்கம். ஒரு பலகை, கார்பன் பேப்பர், நீல மை பேனா. பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு, எதுவா இருந்தாலும் அவர் மனுவுக்கு ஒரு அமைப்பு உண்டு. மேல இருக்கற ஐயா தெய்வம் மாதிரி, அவருக்கு ஒண்ணும் தெரியாது, கீழ இருக்கற சர்வேயரும் கிளார்க்கும் சேர்ந்து அவர் பேரைக் கெடுக்கறாங்க, ஐயா கருணை கூர்ந்து கவனிக்கணும். எல்லா மனுவும் இப்படித்தான். ஒரு தடவை பட்டா மாத்தறதுக்கு நடையா நடந்த ஒரு கிழவி வந்து, "எல்லாம் அந்த ஐயாவுக்குத் தெரிஞ்சுதான்யா நடக்குது, அவரு பேரையே போட்டு எழுது"ன்னுச்சு. அப்பா பேனாவை மூடி வச்சிட்டாரு. "அவர் பேரைப் போட்டுட்டா அப்பறம் நான் இதை யாருக்கு எழுதறது ஆத்தா?"ன்னாரு. நான் பக்கத்துல உக்காந்து கார்பன் அடுக்கிட்டிருந்தேன். கிழவி விடல, "யாருக்காவது எழுது, ஊருக்கே எழுது"ன்னு கத்திட்டுப் போச்சு.

தம்பி, அமெரிக்காக்காரங்க கதையும் இதேதான்யா. 1765ல பத்திரம், பத்திரிகைக்கெல்லாம் முத்திரை வரின்னு ஸ்டாம்ப் சட்டம் வந்தப்ப ராஜாவுக்கு மனு. 1774ல மொத காங்கிரஸ் கூடினப்ப ராஜாவுக்கு மனு. எல்லாத்துலயும் ராஜா நல்லவர், மந்திரிங்கதான் கெட்டவங்க. ஸ்டாம்ப் சட்டத்தை 1766ல வாபஸ் வாங்கினதும் நியூயார்க்காரங்க சந்தோஷத்துல ஜார்ஜுக்கு குதிரை மேல உக்காந்த மாதிரி சிலை வைக்க ஏற்பாடு பண்ணாங்க, ஈயத்துல வார்த்து தங்க முலாம் பூசி. 1775 ஏப்ரல்ல லெக்ஸிங்டன்ல துப்பாக்கிச் சூடே ஆயிடுச்சு, அப்பறமும் வாஷிங்டன் எதிர்ல நிக்கற படையை ராஜா படைன்னு சொல்ல மாட்டார், மந்திரிங்க படைன்னுதான் எழுதுவார். நெஞ்சுல குண்டு வாங்கிட்டும் "ஐயாவுக்குத் தெரியாது"ன்னு நம்பற மனசு! எனக்கு இதைப் படிக்கறப்பல்லாம் அப்பா எழுத்து ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும்.

கடைசி மனு 1775 ஜூலைல, ஜான் டிக்கின்சன் எழுதினது. ரொம்பப் பணிவா. ராஜா அதை வாங்கிக்கவே இல்ல. அது லண்டன் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாள்லயே, ஆகஸ்ட் 23, குடியேற்றங்கள் கலகம் பண்ணுதுன்னு அவர் பேர்லயே அறிவிப்பு. வருஷக் கடைசில அவங்க வியாபாரத்தையே முடக்கற சட்டம். ஜெர்மன் கூலிப்படைக்கு ஏற்பாடு. நீங்க பாவம்ங்கற ஆள் இதுல எதுக்கும் தலையாட்டாம இருக்கல தம்பி, பிரதமர் நார்த் தயங்கினப்பக்கூட இவர் விட்டுக்குடுக்காத ஆளு.

சட்டம் போட்டது பார்லிமென்ட்தானேன்னு கேக்கறீங்க. அதுல ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு, உங்க நோட்ஸ்ல இருக்காது. உங்க பார்லிமென்ட் உங்களுக்கு, எங்க சட்டசபை எங்களுக்கு, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது ராஜா ஒருத்தர்தான்னு 1774, 75லயே ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ் எல்லாம் வாதம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அப்பறம் பார்லிமென்ட்டை உதறறோம்னு எப்படி எழுதறது, அதுதான் எப்பவுமே எங்களுக்கு எஜமான் இல்லன்னு சொல்லியாச்சே? பிரகடனத்துல பார்லிமென்ட்டை பேர் சொல்லிக்கூட குத்தம் சொல்லல, "மத்தவங்களோட சேர்ந்துக்கிட்டு"ன்னு போற போக்குல ஒரு தள்ளு. மிச்சம் இருந்த ஒரே பிடிமானம் ராஜா, அதனாலதான் அவர் இதைப் பண்ணார், அவர் அதைப் பண்ணார்னு வரிசையா அவர் தலைலயே ஏத்தினாங்க.

அந்தப் புகார்களைப் படிச்சுப் பாருங்க, பாதி தாலுகா ஆபீஸ் சமாசாரம்தான். அவசரமான சட்டத்தை நிறைவேத்தினாலும் ராஜா சம்மதம் வர்ற வரைக்கும் அமலாக்கக் கூடாதுன்னு கவர்னருக்கு உத்தரவு, கப்பல்ல லண்டன் போகவே வாரக்கணக்கா ஆகும், அங்க போனா ஃபைல் தூங்கும். பாஸ்டன்ல கூட வேண்டிய சட்டசபையை கேம்பிரிட்ஜுக்கு மாத்தி உறுப்பினர்களை அலைய விட்டாங்க. ஜட்ஜுங்க சம்பளமும் பதவியும் அவர் கைல. புதுசு புதுசா ஆபீசருங்க கூட்டமா வந்து ஜனங்க சொத்தைத் தின்னுட்டுப் போறாங்கன்னு ஒண்ணு, அதைப் படிச்சா அப்பா சிரிச்சிருப்பாரு.

ராஜா பேரையே போட்டாச்சு, இனி யாருக்கு அனுப்பறது? கிழவி சொன்னதுதான். "பாரபட்சமில்லாத உலகத்துக்கு"ன்னு எழுதினாங்க. உலகம்னா முக்கியமா பிரான்ஸ், ராஜாவோட பிரஜையா இருக்கறவரைக்கும் வெளிநாட்டுக்காரன் வெளிப்படையா கை குடுக்க மாட்டான்னு தெரியும். 1778ல பிரான்ஸ் சேர்ந்துச்சு, அந்த வருஷமே கம்பெனிப் படை பாண்டிச்சேரியைப் பிடிச்சுச்சு, 1783 ஜூன்ல எங்க கடலூர்ல பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் அடிச்சுக்கிட்டு செத்தாங்க. ஐரோப்பால ஜனவரிலயே சமாதானக் கையெழுத்து ஆயிடுச்சு, சேதி கப்பல்ல வந்து சேர ஜூன் கடைசி ஆச்சு. நீங்க திண்டிவனம், பக்கத்துலதான் இருக்கீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க.

அந்த நியூயார்க் சிலையையும் சொல்லிடறேன். 1776 ஜூலை 9, பிரகடனத்தைப் படைக்கு வாசிச்சாங்க, அன்னிக்கு சாயங்காலமே கும்பல் கயிறு கட்டி ராஜாவைக் குதிரையோட சாய்ச்சுட்டுது. ஈயத்தை கனெக்டிகட்டுக்கு எடுத்துட்டுப் போய் உருக்கி 42,088 குண்டு வார்த்தாங்க.

நாடகமான்னு கேட்டீங்க. கடைசி மனு எழுதின டிக்கின்சன் சுதந்திரத்துக்கு இன்னும் நேரம் வரலன்னு ஓட்டு போடாம ஒதுங்கினாரு, ஒதுங்கினவரு வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்காம தன் படைப்பிரிவோட களத்துக்குப் போனாரு. நாடகம் போடறவன் அப்படிப் போக மாட்டான்.

பரீட்சைக்கு ஒண்ணு சொல்றேன். விடுதலைக்கு ஓட்டெடுத்தது ஜூலை 2, அந்த நாளைத்தான் இனி வாணவேடிக்கையோட கொண்டாடுவாங்கன்னு ஜான் ஆடம்ஸ் பொண்டாட்டிக்கு லெட்டர் போட்டாரு. நீங்க ஜூலை 4ன்னே எழுதுங்க, மார்க் போயிடப் போவுது.