சிஸ்பிளாட்டின் எடுப்பவருக்குக் கையடக்கக் கருவியில் செவிச் சோதனை செய்தால் போதுமா?

உங்கள் தந்தையாருக்கு வரும் வாரம், காதைக் கெடுக்கக்கூடிய புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் தொடங்கவிருப்பதாகவும், ஒவ்வொரு தவணைக்கும் முன்பு கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கி ஒலிபுகா அறையில் காதைச் சோதிக்க வேண்டுமா, அல்லது படுக்கைக்கே கொண்டுவரும் சிறு கருவி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதும் என்பதே என் பதில். ஆனால் முதல் சோதனை, முதல் சொட்டு மருந்து ஏறுவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறனைச் சோதிக்கும் நிபுணன்; அதே மலையில் பிறந்தவன். இந்த நிபந்தனையின் அருமையை எனக்கு உணர்த்தியது படிப்பு அல்ல, என் சித்தப்பாவின் காது.

சித்தப்பா 31 ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் டிரையருக்கும் நடுவே நின்றவர். தொண்டைப் புற்றுநோய்க்காக ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டினும் கொடுத்தார்கள். இரண்டாம் தவணை முடிந்து வீடு வந்தவர், உறைபனி விழும் ஜனவரி இரவொன்றில், "வெளியே சில்வண்டு ஓயாமல் கத்துகிறதே" என்றார். அந்தக் குளிரில் எங்கள் ஊரில் எந்தச் சில்வண்டும் கத்தாது. சித்தி சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சோதித்தபோது 3000 ஹெர்ட்ஸுக்கு (சுருதியை அளக்கும் அலகு) மேல் கேட்புத்திறன் செங்குத்தாகச் சரிந்திருந்தது. இதில் தொழிற்சாலை இரைச்சல் கெடுத்தது எவ்வளவு, வயது எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று அவருடைய மருத்துவர் என்னிடம் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சோதனைத் தாள் ஒன்றுகூட இல்லாத நிலையில் நான் என்ன சொல்ல முடியும்? மூன்றாம் தவணையும் அதே அளவில் ஏறியது.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பின் அடிச்சுற்று உயர்ந்த சுருதி ஒலிகளையும், உச்சிச்சுற்று தாழ்ந்த ஒலிகளையும் வாங்கிக்கொள்கிறது. சிஸ்பிளாட்டினும், ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசி மருந்துகளும் பெரும்பாலும் அடிச்சுற்றின் மயிரிழைச் செல்களிலிருந்து அழிவைத் தொடங்கி மேலே ஏறுகின்றன. மடிந்த செல்கள் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. பேச்சுக்குத் தேவையான ஒலிகள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்தவை என்பதால், பாதிப்பு பாதித் தொலைவு வந்த பிறகுதான் நோயாளி "எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்" என்று குறை சொல்லத் தொடங்குகிறார். வழக்கமான சோதனை 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே பார்க்கிறது. எனவே கருவி சிறியதா பெரியதா என்பதைவிட, 8000-க்கு மேலும் 16000 வரையிலாவது சோதிக்கும் வசதியும் அதற்குரிய ஹெட்போனும் அதில் உண்டா என்பதையே முதலில் கேளுங்கள்.

அறுபதைத் தாண்டியவருக்கு 14000 ஹெர்ட்ஸ் கேட்காதது இயல்பு. அதனால் அவருக்குக் கேட்கும் உச்ச எல்லையை முதலில் கண்டறிந்து, அதிலிருந்து கீழ்நோக்கி நெருக்கமாக ஏழு அலைவெண்களை (ஹெர்ட்ஸில் சொல்லும் சுருதிகளை) மட்டும் ஒவ்வொரு முறையும் சோதிக்கும் முறையை, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த செவிப்புலன் ஆய்வு மையத்தினர் உருவாக்கினார்கள். கீமோவால் சோர்ந்து கிடப்பவரிடம் முழுச் சோதனைக்கான பொறுமையை எதிர்பார்க்க முடியாது. இந்தச் சுருக்க முறையைப் படுக்கையிலேயே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்; கையடக்கக் கருவியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

ஒலிபுகா அறை இல்லையே என்ற கவலை நியாயமானது. ஆயினும் வார்டின் மின்விசிறி, வண்டிச் சத்தம் போன்ற சூழல் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியிலேயே இருப்பதால் 500 ஹெர்ட்ஸ் சோதனையைத்தான் கெடுக்கும்; நமக்கு வேண்டிய உயர் அலைவெண்களை அதிகம் தொடாது, காதை முழுதும் மூடும் ஹெட்போனும் அங்கேதான் நன்றாகத் தடுக்கிறது. தகரக் கூரையில் விழும் ஜூலை மழை மட்டும் விதிவிலக்கு, அது எல்லாச் சுருதியிலும் இரையும். மழை விடும்வரை காத்திருங்கள்.

கோவைக்கே போவதானாலும் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையத்தின் 300 மீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்தில் இறங்கினால் பலருக்குக் காது அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்போடு எடுத்த தாளை முந்தைய தாளுடன் ஒப்பிட்டால், இல்லாத பாதிப்பு இருப்பதாகத் தோன்றும். சளி பிடித்திருந்தாலும் இதே கதைதான். வீட்டருகே, அதே கருவியில், அதே ஹெட்போனில் எடுக்கும் சோதனை இந்த வகையில் கோவைச் சோதனையைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

மாற்றத்தைக் கணிக்க அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் 1994-இல் வெளியிட்ட அளவுகோலை நாங்கள் பின்பற்றுகிறோம்: முதல் தாளைவிட ஏதேனும் ஓர் அலைவெண்ணில் 20 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) இழப்பு, அடுத்தடுத்த இரண்டில் 10 டெசிபல் இழப்பு, அல்லது முன்பு கேட்ட அடுத்தடுத்த மூன்று இப்போது அறவே கேட்காமை. மறுசோதனையிலும் அதுவே வந்தால்தான் மாற்றம் என்று எழுதுவோம், ஏனெனில் 5 டெசிபல் ஏற்ற இறக்கம் யாருக்கும் வரும். கைபேசிச் செயலியைச் சாதாரண இயர்போனோடு பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அளவீடு சரிபார்க்கப்படாத ஹெட்போன் தரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

பாதிப்பு தெரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதே வகை மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றுவதா, அளவையோ இடைவெளியையோ மாற்றுவதா, உயிரைக் காக்க இதையே தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் எடைபோடட்டும். வேறு தொற்றுக்கு அமிகாசின் போன்ற ஊசியோ, நீர் வெளியேற ஃபுரோசிமைடோ சேர்ந்தால் அதை எனக்கோ உங்கள் ஆடியாலஜிஸ்டுக்கோ உடனே தெரிவியுங்கள். தாய்வழி உறவில் யாருக்காவது காசநோய் ஊசிக்குப் பின் காது போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அத்தகைய ஊசிகளுக்குக் காதை எளிதில் பலியாக்கும் மரபுக்கூறு ஒன்று தாய்வழியே வருகிறது. (காதில் இரைச்சலை உண்டாக்கும் மருந்து நம் மலைக்குப் புதிதும் அல்ல. நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த மலேரியா மருந்தான கொயினாவும் அந்த வகைதான், ஆனால் அதன் இரைச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும்.)

சிஸ்பிளாட்டின் உட்செவியில் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்குகிறது. ஆகையால் கடைசித் தவணையோடு சோதனையை நிறுத்தாமல், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் எடுங்கள். எல்லாத் தாள்களும் ஒரே உறையில் இருக்கட்டும், தேதி எழுதிய முதல் தாள் மேலாக.